அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ் நிஜமாவே உசத்தியா? கரிசல் பூமி சொல்லும் கணக்கு வேறு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற நாளில் கோவில்பட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு பெரியவர் சொல்வார்: “இப்பல்லாம் மார்க்க அள்ளிக் கொடுக்காக. நாங்க படிச்ச எட்டாங்கிளாஸுக்கு இவுக பி.ஏ. காணாது.” பக்கத்தில் செல்போனில் மார்க் பார்த்துக்கொண்டிருக்கும் பேரனோ பேத்தியோ பதில் பேசாது.

பெரியவர் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2025-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். தூத்துக்குடி மாவட்டம் 96.76 சதவீதத்துடன் மாநிலத்தில் மூன்றாம் இடம். பக்கத்து விருதுநகர் 97.45 சதவீதத்துடன் இரண்டாம் இடம். மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற மானாவாரி பூமிக்கு இது சின்ன சாதனை இல்லை. ஆனால், கிட்டத்தட்ட எல்லோருமே பாஸ் என்றால் அது என்ன பெரிய பரீட்சை என்ற கேள்வியும் கூடவே வரத்தான் செய்யும்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது.

பெரியவர் யாரை எண்ணுகிறார், யாரை விட்டுவிடுகிறார்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1950-களில் ஒரு கரிசல் கிராமத்தில் ஒரே வயதில் 100 பிள்ளைகள். அதில் 10 பேர்தான் எட்டாம் வகுப்பு வரை வந்தார்கள். பத்துப் பேருமே பிழையில்லாமல் கடிதம் எழுதுவார்கள், வட்டிக் கணக்குப் போடுவார்கள். இன்று அதே ஊரில் 98 பேர் எட்டாம் வகுப்புக்கு வருகிறார்கள். அதில் 60 பேர்தான் பிழையில்லாமல் எழுதுகிறார்கள்.

வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் தரம் விழுந்துவிட்டது. அன்று பத்துக்குப் பத்து. இன்று பத்துக்கு ஆறுதான். ஊர் மந்தையில் நின்று பார்த்தால் தரம் ஆறு மடங்கு ஏறியிருக்கிறது. அன்று எழுதத் தெரிந்தவர் பத்துப் பேர், இன்று அறுபது பேர். இரண்டு கணக்கும் சரிதான். எந்த வாசலில் நின்று எண்ணுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இந்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால், போக்கு அப்படித்தான் இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமாராக ஐந்தில் ஒருவர். 2011-ல் அது 80.09 சதவீதம். ‘நாங்க படிச்ச காலம்’ என்று சொல்லக் கொடுத்துவைத்தவர்கள் அந்த ஐந்தில் ஒருவர் மட்டும். மீதி நான்கு பேருக்கு ஒப்பிட்டுப் பேச எட்டாங்கிளாஸே கிடையாது.

திண்ணையில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னும் பின்னால் போவோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதிப் பழகி, அப்புறம் ஓலைக்குப் போனார்கள். எண்சுவடி மனப்பாடம். கால், அரை, முக்கால் மட்டுமில்லை. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரி வரைக்கும் பின்னங்களை வாயாலேயே பெருக்குவார்கள். நெல் அளக்க நெல்லிலக்கம், பொன் நிறுக்கப் பொன்னிலக்கம் என்று வாய்ப்பாடுகள் தனித்தனி. இன்றைக்கு இன்ஜினீயரிங் படித்தவர்கூடக் கால்குலேட்டரைத் தேடுகிற கணக்கை அன்று பத்து வயதுப் பையன் மூச்சு விடாமல் சொன்னான் என்றால் அது கட்டுக்கதை இல்லை.

அந்த முறையிடமிருந்து வெளிநாட்டுக்காரர்களும் பாடம் படித்தார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தருவதையும் பார்த்தார். அதையே ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நம்மூர்ச் சட்டாம்பிள்ளை அங்கே மானிட்டர் ஆனார்.

ஆனால், அந்தத் திண்ணையில் உட்கார இடம் கிடைத்தது யாருக்கு? நிலமும் கணக்கும் கையில் இருந்த வீட்டுப் பையன்களுக்கு. பெண் பிள்ளைகள் ரொம்ப அபூர்வம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வாசலே கிடையாது. சொல்லித்தந்த பாடமும் ஊர்ப் பொருளாதாரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். பிற்பாடு தபாலாபீஸ், ரயில், கச்சேரி என்று உலகம் மாறியபோது தரத்தின் அளவுகோலும் மாறியது. முந்திரிக் கணக்குத் தெரிந்தவர் திடீரென்று ‘படிக்காதவர்’ ஆகிப்போனார். காலத்தின் தேவைதான் தரத்தை வரையறுக்கிறது.

கி.ரா.வை உதாரணம் காட்டலாமா?

‘அந்தக் காலப் படிப்பு’ என்றதும் இந்த வட்டாரத்தில் உடனே வந்து விழுகிற பெயர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், சாகித்ய அகாடமி விருது வாங்கினார், புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் உட்கார்ந்தார். “பாத்தீகளா, அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ்!” என்பார்கள்.

இந்த உதாரணம் உண்மையில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. பள்ளிக்கூடத்தோடு தனக்கிருந்த உறவைப் பற்றி கி.ரா. கேலியாகத்தான் பேசியிருக்கிறார். அவரை ஆளாக்கியவை சம்சாரிகளின் பேச்சு, இசை, புத்தகங்கள், அதே ஊரில் அதே 1923-ல் பிறந்த கு.அழகிரிசாமியின் சிநேகிதம். பள்ளிக்கு வெளியே இவ்வளவு கிடைத்ததால்தான் பள்ளி தராததை அவரால் ஈடுகட்ட முடிந்தது. அது வாய்க்காத ஆயிரமாயிரம் பேர் எட்டாவதோடு நின்று காட்டுக்குப் போனார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு காலத்துக்கே சர்டிஃபிகேட் கொடுப்பது நியாயமாகாது.

எட்டயபுரத்தில் போட்ட சோறு

இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிய சம்பவம் ஒன்றும் இதே மண்ணில்தான் நடந்தது. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார் முதலமைச்சர் காமராஜர். கோவில்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது, தானே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சோறு 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வரைக்கும் அதே சரடுதான் நீள்கிறது. இதையெல்லாம் ‘சோத்துக்காக வாற பிள்ளைக’ என்று பேசியவர்களும் உண்டு. வந்தார்கள். அதுதான் விஷயம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஸ்லேட்டைப் பார்த்துத் திருத்தச் சொல்ல ஆள் இல்லை. ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்த இடத்தில் ஐம்பது பேர் வந்து உட்கார்ந்தபோது சராசரி மார்க் இறங்கியிருந்தால், அது தரத்தின் வீழ்ச்சி இல்லை. அதுவரை வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததன் அடையாளம்.

தீப்பெட்டி ஆபீஸ் கொண்டுபோன தலைமுறை

எல்லோரும் உள்ளே வந்துவிடவும் இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஜனங்கள் ‘ஆபீஸ்’ என்றே சொல்வார்கள். மழை பொய்த்த வருஷம் காட்டில் வேலை இருக்காது, ஆபீஸில் இருக்கும். 1970-களிலும் 80-களிலும் விடிவதற்கு முன்னாலேயே பஸ்ஸும் வேனும் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட, குச்சி அடைக்கச் சின்ன விரல்கள்தான் வேகம் என்று ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. அதிலும் பெண் பிள்ளைகளே அதிகம். அண்ணன் பள்ளிக்கூடம் போனான், தங்கச்சி ஆபீஸ் போனாள். அவன் ஃபீஸை அவள் கட்டினாள்.

இந்த அவலத்தைச் சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் 1990-ல் உலகத்துக்குக் காட்டியது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி இதையே ‘கருவேலம்பூக்கள்’ என்று சினிமாவாக எடுத்தார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1990 தீர்ப்பே சாட்சி. எம்.சி.மேத்தா தொடுத்த அந்த வழக்கில், தயாரிப்பு நடக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, பெட்டியில் அடைக்கிற வேலைக்குப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லப்பட்டது. ஆறு வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 10-ல்தான் நிலைப்பாடு இறுகியது: ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்தால் தலைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும்.

1985-ல் பத்து வயதில் கட்டை அடுக்கிய பெண்ணுக்கு இன்று வயது ஐம்பது. அவருடைய பிள்ளைகள்தான் கடந்த பதினைந்து, இருபது வருஷங்களில் இந்த வட்டாரத்திலிருந்து பொதுத்தேர்வு எழுதியவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் ஐடி வேலைக்குப் போனவர்கள். ‘80-களில் படிப்புத் தரமா இருந்துச்சு’ என்று யாராவது சொன்னால், இந்த அம்மாவின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டில் இருந்தது என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

சரி, பாடம் லேசாகிவிட்டதா?

இல்லை. பாடம் கனமாகத்தான் ஆகியிருக்கிறது. 1978 வரை எஸ்.எஸ்.எல்.சி. என்பது 11 வருஷப் படிப்பு. அதன் மேல் ஒரு வருஷம் கல்லூரியில் பி.யு.சி. அப்புறம்தான் 10+2 வந்தது. இன்றைய பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் சார்புகள், அணிகள், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், நிகழ்தகவு எல்லாம் இருக்கின்றன. 2010-ல் ஆரம்பித்து, 2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை அமலுக்கு வந்த சமச்சீர் கல்வி, மெட்ரிக் பிள்ளைக்கும் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தது. 2018-19-ல் தொடங்கிய புதிய பாடத்திட்டம் அதை இன்னும் கனமாக்கியது. அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ் தாத்தாவிடம் இன்றைய பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளைக் கொடுத்தால் அவரும் திணறத்தான் செய்வார்.

புத்தகத்தின் தரம் ஏறியிருக்கிறது. பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கேதான் பெரியவரின் சந்தேகத்துக்கு உயிர் வருகிறது.

பாஸ் வேறு, படிப்பு வேறு

கிராமப்புறப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதிக்கிற ‘அசர்’ ஆய்வு ஒரு எளிய சோதனை வைக்கிறது. இரண்டாம் வகுப்புப் பாடப் பத்தியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அதை வாசித்தவர்கள் 2018-ல் சுமார் 41 சதவீதம். 2022-ல் 25 சதவீதம்தான். நடுவில் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2024 ஆய்வில் ஓரளவு மீட்சி தெரிந்தது. ஆனால் 2018 கணக்கைப் பார்த்தாலே, கொரோனாவுக்கு முன்பும் பாதிப்பேருக்கு மேல் வாசிக்கத் திணறியது தெரிகிறது.

இது புதுச் செய்தியும் இல்லை. 15 வயது மாணவர்களை நாடு நாடாகச் சோதிக்கிற ‘பிசா’ தேர்வில் 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. மொத்தம் 74 பங்கேற்பாளர்களில் இரண்டுக்கும் கிடைத்தது கடைசி மூன்று இடங்களுக்குள். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளுக்குப் போகவில்லை. தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா?

ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறியவர்கள் பத்தாம் வகுப்பில் எப்படி 93 சதவீதம் பாஸ் ஆகிறார்கள்? பதில் எல்லோருக்கும் தெரியும். புக் பேக் கேள்வி, ஒன் வேர்டு, முந்தைய வருஷ வினாத்தாள், மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தனியாக மெலிசான மெட்டீரியல், காலை மாலை ஸ்பெஷல் கிளாஸ். 35 மார்க்குக்கு எது வேண்டுமோ அதைத் திரும்பத் திரும்ப எழுதவைத்தால் கை பழகிவிடும். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மாவட்டத்துக்கு ரேங்க், பள்ளிக்கு சதவீதம், சதவீதம் குறைந்தால் விளக்கம் என்று மேலிருந்து கேட்பது பாஸ் கணக்கு மட்டும்தான். எதைக் கேட்கிறார்களோ அதுதான் விளையும்.

2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது நல்ல முடிவு. மாணவர் மேல் இருந்த சுமை கொஞ்சம் இறங்கியது. மாவட்ட சதவீதப் போட்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

சர்டிஃபிகேட்டின் விலை ஏன் இறங்கியது?

பெரியவரின் பேச்சில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. அன்று எட்டாவது முடித்துப் பயிற்சி எடுத்தால் தொடக்கப் பள்ளி வாத்தியார் ஆகலாம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் கிளார்க். கோவில்பட்டியில் கலைக் கல்லூரி வந்ததே 1966-ல்தான், பொறியியல் கல்லூரி 1984-ல். அதற்கு முன்னால் டிகிரி என்றால் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போக வேண்டும். சர்டிஃபிகேட் அரிது, அதனால் மரியாதை.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; அகில இந்திய சராசரி 28.4 சதவீதம்தான். பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப் 4 தேர்வைப் பட்டதாரிகள் லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். இலங்கை, ஜப்பான், கென்யா, இங்கிலாந்து நாடுகளை வைத்து ரொனால்ட் டோர் என்ற சமூகவியலாளர் 1976-லேயே இதற்கு ‘சான்றிதழ் நோய்’ என்று பெயர் வைத்தார். வேலை அதேதான், அதற்குக் கேட்கும் சர்டிஃபிகேட் மட்டும் வருஷா வருஷம் நீளும். படிப்பு அறிவுக்காக என்பது போய் அடுத்த கியூவில் நிற்பதற்கான டோக்கனாக மாறும்.

ஆக, ‘எட்டாங்கிளாஸுக்கு பி.ஏ. காணாது’ என்று பெரியவர் சொல்வது, வேலைச் சந்தையில் அந்தக் காகிதத்துக்கு இருந்த விலையை. அறிவை அவர் அளக்கவில்லை.

எதை அளக்க வேண்டும்?

பழைய பெருமையும் புதிய சதவீதமும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. தாத்தாவின் கணக்கு, பள்ளிக்கு வராதவர்களை விட்டுவிடுகிறது. அரசின் கணக்கு, பள்ளிக்கு வந்தும் வாசிக்க வராதவர்களை விட்டுவிடுகிறது. இரண்டு தடவையும் விடுபடுகிறவர்கள் அநேகமாக ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாட்டி பள்ளிக்கே போகவில்லை. அம்மா ஆபீஸுக்குப் போனார். பேத்தி போகிறாள், பாஸும் ஆகிறாள், ஆனால் காலேஜில் முதல் செமஸ்டர் புத்தகத்தைப் பிரித்ததும் மிரள்கிறாள்.

அதனால் செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் சரளமாக வாசிக்கிறதா என்பதைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை விட முக்கியமான செய்தியாக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் குறிக்கோள் இதுதான். அது நிஜமாக எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பள்ளிவாரியாகப் பெற்றோர் பார்க்கும்படி வைக்கலாம்.

இரண்டு, பொதுத்தேர்வில் யோசித்து எழுதும் கேள்விகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். சதவீதம் நாலைந்து இறங்கினால் இறங்கட்டும். ஆனால் அந்த இறக்கத்துக்கு ஆசிரியரிடமோ மாணவரிடமோ விளக்கம் கேட்கக் கூடாது. தேர்வைக் கடுமையாக்குவது மட்டுமே தரம் என்று நினைத்து, ஐந்தாம், எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளை ஃபெயிலாக்கிக் கழித்துவிடுவது பழைய பத்துப் பேர் கணக்குக்கே திரும்பிப் போவதாகும். கழித்துக் கட்டினால் சராசரி ஏறும், ஊர் இறங்கும்.

மூன்று, முதல் தலைமுறைப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்காத உதவி பள்ளியில் கிடைக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்கிற தொடக்கப் பள்ளியில் இது நடக்காது. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கையில் எடுத்து வாசிக்கக் கதைப் புத்தகம் வேண்டும்.

ஊரை விட்டு வெளியே வேலை பார்க்கிறவர்கள் செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த தடவை தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது, ஐந்தாம் வகுப்பு படிக்கிற அண்ணன் பிள்ளையிடம் ரேங்க் கேட்க வேண்டாம். அவன் பார்க்காத ஒரு கதையைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாம். என்ன நடந்தது என்று கேட்கலாம். இரண்டு நிமிஷத்தில் தரம் தெரிந்துவிடும்.

டீக்கடையில் எட்டாங்கிளாஸ் பெருமை பேசுகிற பெரியவரிடமும் மரியாதையாக ஒன்று கேட்கலாம்: “தாத்தா, ஒண்ணாங்கிளாஸ்ல உங்ககூட எத்தனை பேரு சேந்தாக? எட்டாங்கிளாஸ் வரும்போது எத்தனை பேரு மிச்சம் இருந்தாக? உங்க கூடப்பொறந்த அக்கா தங்கச்சி எந்த வகுப்பு வரைக்கும் படிச்சாக?”

பதில் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருக்கலாம்.